கண்ணைக் காக்கக் கஞ்சா கேட்டவர்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைக் கிரிவலம் வருவோர், 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறையப் பாதி வழியில் அடி அண்ணாமலையை அடைகிறார்கள். அங்குள்ள பழைய கோயிலின் அருகில் சற்று உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக் கொள்கிறார்கள். சாலையோரத்தில் காவியுடுத்தோர் படுத்திருப்பர். எங்கிருந்தோ சிலும்பிப் புகையின் வாசம் காற்றில் வரும். முகம் சுளிப்பவர் சிலர். கவனியாமல் நடப்பவர் பலர். தலைக்கு மேலே தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அந்த விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் தெய்வ ஒளி என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். மறுநாளே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

சிலும்பிப் புகைக்கும் விளக்கின் வளையத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் இளைஞர் தமக்குள் கேட்டுக்கொண்டார். அதன் விடையைத் தேடி அவர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

அவர் பெயர் ராபர்ட் ராண்டல். கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர். 1972ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், அவர் கண் மருத்துவரிடம் சென்றார். அவருக்குக் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் முற்றியிருப்பதாகவும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பார்வை முழுவதும் போய்விடும் என்றும் மருத்துவர் கூறினார்.

இந்நோயை ஓர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். கண்ணின் முன்பகுதியில் நீர் போன்ற ஒரு திரவம் இடைவிடாமல் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக அது வடிகிறது. வரத்தும் வடிகாலும் சமமாக உள்ளவரை அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவிற்குள் நிற்கும். மதகு அடைபட்ட ஏரியில் நீர் ஏறுவதுபோல, வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஏரியானால் கரையின் பலவீனமான இடத்தில் உடைப்பெடுக்கும். கண்ணில் அந்தப் பலவீனமான இடம் பார்வை நரம்பு. அதன் இழைகள் ஒவ்வொன்றாக மடியும். மடிந்த இழை மீண்டும் உயிர் பெறுவதில்லை.

ராண்டலுக்குச் சொட்டு மருந்துகளும் மாத்திரைகளும் தரப்பட்டன. அவை போதவில்லை. மாலை ஆனால் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றும். பிறகு பார்வையே மங்கும். 1973இல் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவர் கொடுத்த கஞ்சாவை அவர் புகைத்தார். சற்று நேரம் கழித்துச் சன்னல் வழியே தெருவிளக்கைப் பார்த்தார். வழக்கமான வளையத்தைக் காணவில்லை. வெறும் மயக்கமாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றார். பின்னர் பலமுறை சோதித்துப் பார்த்தார். புகைத்த நாளில் வளையம் இல்லை. புகைக்காத நாளில் உண்டு. ஒரு சன்னலும் ஒரு தெருவிளக்குமே அவருடைய முதல் ஆய்வுக்கூடமாக இருந்தன எனலாம்.

கஞ்சாவைக் கடைத்தெருவில் வாங்கக் காசும் இல்லை, கிடைப்பதும் நிச்சயமில்லை. ஆகவே தம் வீட்டு மாடியில் நான்கு செடிகளை வளர்த்தார். 1975 ஆகஸ்டு மாதம், அவரும் அவருடைய துணைவியும் வெளியூர் சென்றிருந்தபோது போலீசார் செடிகளைக் கண்டுவிட்டனர். ஊர் திரும்பியவர் மீது வழக்கு வந்தது.

இத்தகைய வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறு தண்டனையுடன் வெளியேறுவதே வழக்கம். ராண்டல் அதைச் செய்யவில்லை. அரசு அலுவலகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் தொலைபேசியில் பேசி, கஞ்சாவுக்கும் கண் அழுத்தத்திற்கும் தொடர்புண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார். தொடர்பு உண்டு என்பதும், அரசுக்கு அது முன்பே தெரியும் என்பதும் அப்போது வெளிப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் இராபர்ட் ஹெப்ளர் என்னும் கண் மருத்துவர் 1971லேயே இதை வெளியிட்டிருந்தார். அந்த ஆய்வு பிறந்த கதை வேடிக்கையானது. கஞ்சா புகைத்தவனின் கண்மணி விரியும் என்று போலீசார் நம்பியிருந்தனர். அது மெய்தானா என்று பார்க்கப் புகுந்தபோது, கண்மணி விரியவில்லை, சற்றுச் சுருங்கியே இருந்தது. ஆனால் கண் அழுத்தம் கணிசமாகக் குறைந்திருந்தது!

ராண்டல் ஹெப்ளரிடம் சென்று பல நாட்கள் தங்கிச் சோதனைக்கு உட்பட்டார். இரவும் பகலும் குறித்த நேரங்களில் அழுத்தமானியால் அவருடைய கண் அளக்கப்பட்டது. அப்போது வழக்கிலிருந்த மருந்துகள் மட்டும் அவருக்குப் போதா என்பதும், கஞ்சாவும் சேர்ந்தால் அழுத்தம் அடங்குகிறது என்பதும் எண்களாகப் பதிவாயின. “எனக்குச் சுகமாக இருக்கிறது” என்று ஒரு நோயாளி கூறினால் அதை நம்பலாம், நம்பாமலும் விடலாம். அழுத்தமானியின் முள் காட்டும் எண்ணை எந்த நீதிபதியும் புறக்கணிக்க இயலாது. ராண்டலின் வழக்கு வென்றது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

1976 நவம்பர் 24ஆம் நாள் நீதிபதி ஜேம்ஸ் வாஷிங்டன் தீர்ப்பளித்தார். சட்டத்தை மீறியதால் விளையும் தீங்கைவிட, மீறாதிருந்தால் விளையும் குருட்டுத்தன்மை பெருந்தீங்கு. ஆகவே மருத்துவத் தேவையின் பொருட்டுச் செய்த செயல் குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். அதே நவம்பரில் அரசே அவருக்குக் கஞ்சா வழங்கத் தொடங்கியது. மிசிசிப்பிப் பல்கலைக் கழகப் பண்ணையில் ஆராய்ச்சிக்காக அரசு வளர்த்த பயிர் அது. சிகரெட்டுகளாகச் சுற்றித் தகர டப்பாவில் அடைத்து மருத்துவர் மூலம் அவர் கைக்கு வந்தது. ஒரு கையால் கைது செய்த அரசு மறு கையால் மருந்து வழங்கிய விசித்திரத்தை என்னவென்பது!

1978இல் அவருடைய மருத்துவர் வேறு ஊருக்கு மாறியதும் வழங்கல் நின்றது. ராண்டல் மீண்டும் வழக்குத் தொடுத்தார். அரசு விரைவில் சமாதானத்துக்கு வந்தது. இதன் பயனாக, கருணை அடிப்படையில் மற்ற நோயாளிகளும் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு திட்டம் உருவாயிற்று. 1981இல் ராண்டலும் அவர் துணைவியும் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, புற்றுநோய், நரம்புத் தளர்ச்சி, வலிப்பு எனப் பல நோயாளிகளுக்கு விண்ணப்பம் எழுத உதவினர்.

இதைப் படிக்கும் நீங்கள், அமெரிக்கர்தாம் கஞ்சாவை மருந்தாகக் கண்டுபிடித்தனர் போலும் என்று நினைக்கலாம். அது சரியன்று. அதற்கு நாம் மீண்டும் நம் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், செங்கம், போளூர் வட்டாரங்களையொட்டி ஜவ்வாது மலை எழுகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரிடப்பட்ட சில இடங்களுள் ஜவ்வாது மலையும் ஒன்று. திருட்டுப் பயிர் அன்று. அரசு அறிந்து, வரி பெற்று நடந்த சாகுபடி. சித்த மருத்துவரும் ஆயுர்வேத வைத்தியரும் யுனானி ஹக்கீம்களும் இதனைச் சுத்தி செய்து லேகியங்களில் சேர்த்து வந்தனர். இன்றும் இம்மருத்துவ முறைகளுக்கான நச்சுச் சரக்குகளின் பட்டியலில் கஞ்சா இடம் பெற்றுள்ளது. அதாவது, அது மருந்துச் சரக்கு என்பதைச் சட்டம் ஒப்புகிறது. மருத்துவர் மேற்பார்வையின்றி உண்ணலாகாது என்றும் எச்சரிக்கிறது.

மேனாட்டு மருத்துவத்திற்கு இதை எடுத்துச் சென்றவர் வில்லியம் ஓ’ஷானெசி என்னும் அயர்லாந்து மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். (பின்னாளில் நம் நாட்டில் தந்திக் கம்பிகளை நட்டவரும் இவரே, ஒரு மனிதருக்கு எத்தனை வேலைகள்!) நாட்டு வைத்தியர்களையும் பண்டிதர்களையும் விசாரித்தறிந்து, முதலில் நாய், ஆடு முதலிய விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். ரண ஜன்னி, வாத வலி, காலரா, வெறிநாய்க் கடி ஆகியவற்றில் தாம் கண்டதை 1839இல் கல்கத்தா மருத்துவச் சங்கத்தின் முன் படித்தார். வெறிநாய்க் கடியைக் கஞ்சா குணப்படுத்தவில்லை என்பதையும், கடைசி மணி நேரங்களின் துன்பத்தை மட்டுமே தணித்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அவர் குறிப்புகளுள் ஒன்று நாற்பது நாள் பெண் குழந்தை ஒன்றைப் பற்றியது. ஓயாத வலிப்பு. மற்ற மருந்துகள் பலிக்கவில்லை. கஞ்சாவின் சாராயக் கரைசலைத் துளிக் கணக்கில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார். குழந்தை பிழைத்தது. அந்தக் குழந்தையைச் சற்று நினைவில் வையுங்கள்.

அடுத்து, 1893இல் நடந்த ஒன்றைக் கூற வேண்டும். கஞ்சாவினால் இந்தியாவின் பைத்தியக்கார விடுதிகள் நிரம்புகின்றன என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் குரல் எழுந்தது. அதை விசாரிக்க மாக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. மூன்று இந்தியரும் அதில் உறுப்பினர். ஊர் ஊராகச் சென்று 1193 சாட்சிகளை அது விசாரித்தது. ஆனால் அதன் மிகச் சிறந்த பணி சாட்சிகளை விசாரித்தது அன்று. விடுதிகளின் பதிவேடுகளைத் தோண்டியது. பதிவேட்டில் “நோய்க்குக் காரணம்” என்று ஒரு பத்தி உண்டு. அதில் “கஞ்சா” என்று எழுதியவர் யார்? மருத்துவர் அல்லர். நோயாளியைப் பிடித்து வந்த போலீசார் கொடுத்த குறிப்பை எழுத்தர் அப்படியே படி எடுத்திருந்தார். காரணம் தெரியாத இடத்தில் கஞ்சா என்று போட்டுவிடுவது வழக்கமாகியிருந்தது. 1892ஆம் ஆண்டில் இவ்வாறு கஞ்சாவின் கணக்கில் எழுதப்பட்ட 222 நோயாளிகளின் வரலாற்றை ஆணையம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தது. 98 பேரிடம் மட்டுமே கஞ்சாவுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என முடிவு செய்தது. மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெருந்தீங்கு இல்லை. அளவு மீறினால் தீங்குண்டு. முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது 1894இல் வெளிவந்த அறிக்கையின் சாரம்.

இவ்வளவு சோதித்தறிந்த நாட்டில் பின்னர் கதவு எவ்வாறு மூடியது? சென்னை மாகாணத்தின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் போதைச் சரக்குகளையும் சேர்த்தே தடுத்தது. 1961இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான வரிசையில் வைத்தது. இலையைக் கஞ்சா என்னும் வரையறையிலிருந்து நீக்கச் செய்தது மட்டுமே அன்று இந்தியாவால் முடிந்தது. மருத்துவமல்லாத உபயோகத்தை 25 ஆண்டுகளில் நிறுத்த வேண்டும் என்பது உடன்படிக்கை. அந்தக் கெடு நெருங்கிய வேளையில், 1985இல், போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நிறைவேறி அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ராண்டல் வளர்த்த நான்கு செடிகளைத் திருவண்ணாமலையில் ஒருவர் வளர்த்தால், இச்சட்டப்படி பத்தாண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம்.

ஆனால் சட்டத்தைக் கூர்ந்து படியுங்கள். அதன் 8ஆம் பிரிவே “மருத்துவ அல்லது அறிவியல் நோக்கங்களுக்காக” அன்றி என்று விலக்களித்துத்தான் தடையைத் தொடங்குகிறது. பூங்கதிரும் பிசினும் மட்டுமே கஞ்சா. கதிருடன் சேராத இலையும் விதையும் வரையறைக்கு வெளியே. சாகுபடிக்கும் வழங்கலுக்கும் விதி வகுக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, சாவித்துவாரமும் இருக்கிறது. சாவி செய்யத்தான் ஆளில்லை.

இதற்கிடையே அறிவியல் நடந்துகொண்டே இருந்தது. 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னபினால் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். அது வந்து பொருந்துவதற்கென்றே நம் மூளையில் ஏற்பிகள் இருப்பது 1988இல் தெரிந்தது. நம் உடலே அத்தகைய ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1992இல் கண்டபோது, அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். ஆம், நம் “ஆனந்தம்” என்னும் சொல்தான்! செடியிலுள்ள மற்றொரு பொருளான கன்னபிடயால் போதை தராது; ஆனால் வலிப்பை அடக்கும். இதை 1980லேயே பிரேசிலில் ஒரு சிறு ஆய்வு காட்டியது. பல்லாண்டுகள் அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. பிறகு வலிப்புள்ள குழந்தைகளின் பெற்றோர் விடாமல் கேட்டதால் முறையான ஆய்வுகள் நடந்தன. 2018 ஜூனில் அமெரிக்க அரசு எபிடியோலெக்ஸ் என்னும் கன்னபிடயால் மருந்தைச் சில கொடிய குழந்தை வலிப்பு நோய்களுக்கு ஏற்றது. அதே ஜூனில் லண்டன் விமான நிலையத்தில் ஒரு தாய் தன் 12 வயது மகனுக்காகக் கொண்டுவந்த கஞ்சா எண்ணெயை அதிகாரிகள் பறித்தனர். சிறுவன் வலிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் நவம்பர் 1 முதல் பிரிட்டனில் சிறப்பு மருத்துவர்கள் எழுதித்தரும் உரிமை வந்தது. கல்கத்தாக் குழந்தைக்கும் இந்தச் சிறுவனுக்கும் இடையே 179 ஆண்டுகள்.

கண் அழுத்த நோயைப் பற்றியும் உண்மையைக் கூறிவிட வேண்டும். கஞ்சா அழுத்தத்தைக் குறைப்பது மூன்று நான்கு மணி நேரத்துக்கே. நாள் முழுதும் அடக்க வேண்டுமானால் நாள் முழுதும் புகைக்க வேண்டும். ராண்டல் அவ்வாறே நாளொன்றுக்குப் பத்து சிகரெட் அளவில் புகைத்தார். அக்காலத்தில் இல்லாத நல்ல சொட்டு மருந்துகள் இன்று உள்ளன. ஒருநாளைக்கு ஒரு சொட்டே போதுமானவையும் உண்டு. எனவே இன்றைய கண் மருத்துவர்கள் இந்நோய்க்குக் கஞ்சாவைப் பரிந்துரைப்பதில்லை. தெருவில் விற்கும் கஞ்சாவின் வீரியம் எவருக்கும் தெரியாது. இளம் வயதினருக்கு மனச்சிதைவு வரும் அபாயத்தை அது கூட்டுகிறது. கன்னபிடயாலும்கூட வேறு வலிப்பு மருந்துகளுடன் மோதி ஈரலைப் பாதிக்கக்கூடும். வீட்டிலுள்ள நோயாளிக்கு நாமே கொடுத்துப் பார்க்கலாம் என்று யாரும் துணிய வேண்டாம்.

ராண்டலின் திட்டம் 1992இல் புதிய நோயாளிகளுக்கு மூடப்பட்டது. எய்ட்ஸ் நோயாளிகள் பெருந்தொகையாக விண்ணப்பித்ததும் அரசு அஞ்சிவிட்டது. ஏற்கெனவே பெற்று வந்த சிலருக்கு மட்டும் தொடர்ந்தது. ராண்டல் 2001 ஜூன் 2ஆம் நாள் எய்ட்ஸ் தொடர்பான நோயினால் காலமானார். ஐந்தாண்டுகளில் குருடாவார் என்று சொல்லப்பட்டவர், 29 ஆண்டுகளுக்குப் பின்னும் பார்வையுடன் இருந்தார்.

நம் நாட்டில் நோயாளிகளின் வழக்கு முதலில் எழுந்தது கஞ்சாவுக்காக அன்று, மார்பினுக்காக. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்பினை வைக்கவே பயந்தன. ஒவ்வொரு முறைக்கும் பல உரிமங்கள். அவை எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். விளைவு என்ன தெரியுமா? 1985இல் 716 கிலோகிராமாக இருந்த நாட்டின் மார்பின் உபயோகம் 1997இல் 18 கிலோகிராமாக வீழ்ந்தது. உலகத்துக்கே அபினி விளைத்துக் கொடுக்கும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்து மடிந்தனர். மார்பகப் புற்றுநோயால் தாயை இழந்த மருந்தியல் அறிஞர் ரவீந்திர கூயி இதை எதிர்த்துப் போராடினார். 1998இல் தில்லி உயர் நீதிமன்றம் மார்பின் வழங்கலை விரைவுபடுத்துமாறு ஆணையிட்டது. 2007இல் இந்திய வலி நிவாரணச் சங்கத்துடன், புற்றுநோயிலிருந்து மீண்ட பூனம் பாகாய் என்பவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நோயாளியே மனுதாரராக நின்ற வழக்கு அது. கேரளத்தில் மருத்துவர் இராஜகோபாலும் அவர் தோழர்களும் வீடு வீடாக மார்பின் கொடுத்து, முறையாகக் கணக்கு வைத்து, அது கள்ளச் சந்தைக்குப் போவதில்லை என்று ஏடுகளால் மெய்ப்பித்தனர். அழுத்தமானி செய்த வேலையை இங்கே கணக்கேடு செய்தது. 2014 பிப்ரவரியில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. “இன்றியமையாப் போதை மருந்துகள்” என்னும் புதுப்பிரிவு உண்டாயிற்று. அவற்றுக்கு ஒரே உரிமம் போதும்.

கஞ்சாவின் முறை 2019இல் வந்தது. அதன் மீதுள்ள தடையை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்று தாக்கலாயிற்று. மைய அரசு 2021இல் தந்த பதில் கவனிக்கத் தக்கது. கஞ்சாவுக்கு முழுத் தடை ஏதும் இந்தியாவில் இல்லை. மருத்துவம், அறிவியல், தொழில், தோட்டக்கலை ஆகியவற்றுக்காக மாநில அரசுகள் அனுமதிக்கலாம் என்றது அது. அதற்கு முன்பே, 2020 டிசம்பர் 2ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது, நீக்க வேண்டும் என்று வாக்களித்த 27 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஜம்முவிலுள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் மருந்தாய்வுக்காக அரசு அனுமதியுடன் கஞ்சா பயிரிட்டது. இலையிலிருந்து செய்த ஆயுர்வேத மருந்துகள் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படுகின்றன.

2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2015இல் இன்றியமையாப் போதை மருந்துகளின் பட்டியல் வெளியாயிற்று. அதில் ஆறு பெயர்கள்: மார்பின், கோடீன், பென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன். ஆறும் வலியை அடக்கும் அபினி வகையைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலையில் விளைந்த செடியிலிருந்து எடுக்கும் மருந்து எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.